கலிமா விரல்

"திரும்ப வைங்க" என்றது ரேஷன் கடை மிஷின்.
பெருவிரல், நடுவிரல், கடைசியில் கலிமா விரல்.
"திரும்ப வைங்க."
"ரேகையே இல்லியேம்மா" என்றார் கோவிந்தராசு.
பாத்திரம் தேய்த்துத் தேய்ந்ததென்று நினைத்திருப்பார்.
மாத்திரை தின்றுவிட்டது என்று சொல்ல
எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள்.
மருமகள் பர்வீன் வந்து விரல் வைத்தாள்.
அரிசி கிடைத்தது.

போன ஆனியில்
குடமுருட்டிக்குத் தண்ணி வந்த வாரம்
உள்ளங்கை உரிந்துகொண்டிருந்தது எனக்கு.
பண்டாரவாடைப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றில் கிடக்க
ஒரு செங்கல்லை மடியில் வைத்துத் தட்டி
முகத்தில் ஒரு தடவல், கைகளில் ஒரு தடவல்,
தயம்மும்.
மதகுச் சத்தம் அடுக்களைவரை கேட்டது.
அத்தனை தண்ணீரில் என் பங்கு
அந்தச் செங்கல்.

வயிற்றில் ஒட்டியிருக்கும் பையைப் பற்றி
ஹஜ்ரத்திடம் யார் போய்க் கேட்பது?
மகன் துண்டுச்சீட்டு எழுதினான்:
"ஒருவருக்கு இப்படி இருந்தால்..."
அந்த ஒருவர் தன் உம்மா என்று எழுதவில்லை.
மஃரிபுக்குப் பிறகு பதில் வந்தது.
வக்துக்கு வக்து புதிதாய் ஒளு செய்யட்டும்,
நடுவில் பை நிரம்பினாலும் தொழுகை கூடும்.
கீழே வேறு மையில், கோணல் எழுத்தில்,
ஹஜ்ரத் வீட்டம்மா:
"தவ்லத் லாத்தா, சுஜூதுல அழுத்துனா
நாற்காலியில தொழுங்க.
எங்க உம்மாவுக்கும் இருந்துச்சு."

தஞ்சாவூர் வார்டில் வராத அழுகை
அந்தக் கடைசி வரியில் வந்தது.

களாவான நோன்பு ஐம்பத்தொன்பது.
இனியும் கூடாது என்கிறார் டாக்டர்.
பித்யா அரிசி அளந்து கொடுத்தாயிற்று.
இருந்தும் ரமலான் பகலில்
கதவைச் சாத்திக்கொண்டுதான் தண்ணீர் குடிக்கிறேன்.
அவன் அனுமதித்த தண்ணீர்தான்.
டம்ளரை மட்டும்
சத்தம் வராமல் வைக்கிறேன்.

"அதான் குணமாயிடுச்சே உம்மா,
ஆதாருக்குப் புதுசா ரேகை எடுத்துடலாம்" என்கிறான் மகன்.
எடுக்கலாம். முளைக்கட்டும்.
குணமான உடம்புக்கு
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் இருப்பதை
அவன் மறந்துபோகிறான்,
நானும் மறந்ததுபோல் இருக்கிறேன்.

அசர்.
நாற்காலியில் உட்கார்ந்து
அத்தஹிய்யாத்தில் அந்த விரலை நீட்டுகிறேன்.
கரைந்த சோப்பு வில்லை மாதிரி
வழுவழுவென்று இருக்கிறது.
திரும்ப வை என்று
இதுவரை ஒரு சத்தமும் வரவில்லை.

இரண்டு பக்கமும் ஸலாம் சொல்லிவிட்டு
மெதுவாக எழுந்திருக்கிறேன்.
பை மாற்ற வேண்டும்.