இருபத்தொன்று

ஏழாவது தடவையும் விழுந்துவிட்டான் ஆர்லின்.
கயிறு விறைத்தது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது.
எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது.
அவன் நெஞ்சால் ஏரியை உழுதபடி
முப்பது கெஜம் வந்தான்,
பிறகு கைப்பிடியை விட்டான்.
மிதந்துகொண்டிருந்தன
ஒற்றை ஸ்கீ, ஆரஞ்சு மிதவைச்சட்டை,
சட்டைக்குள் நூற்றுப் பன்னிரண்டு கிலோ மௌனம்.

"எடையைக் குறை" என்றான் டுவைட்
ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே.
தம்பிக்கு அண்ணன் சொன்னது போலில்லை,
தராசு சொன்னது போலிருந்தது.

அவன் முன்னால் பார்ப்பவன்.
நான் பின்னால் பார்ப்பவள்:
விழுந்தால் கொடியைத் தூக்குவது என் வேலை.
நடுவில் திரும்பி ஊசியையும் பார்ப்பேன்.
ஆறாயிரம் வரை போகலாம் என்கிறது கையேடு;
ஆர்லினைக் கட்டினால் இரண்டாயிரத்து எண்ணூறில்
சேற்றில் மாட்டிய மாடாய் நிற்கிறது.
எடை அவனுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.
தவறு அவனுடையதா?

அன்றிரவு மோட்டாரைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
புரொப்பெல்லரின் குடத்தில் பொறித்திருந்தது: 21.
ஒரு சுற்றுக்கு இருபத்தோரு அங்குலம் முன்னேறும்,
எதுவும் வழுக்காத உலகத்தில்.
அவ்வளவு பெரிய கவளம்.
ஓடும்போது விழுங்கிவிடலாம்,
நின்ற இடத்தில் தொண்டையை அடைக்கும்.

டுவைட் பார்த்துப் பார்த்து வாங்கியது அது.
சனிக்கிழமை மாலைகளில்
லைலின் சிவப்புப் படகுக்கு முன்னால்
தூண்டில் கடைத் துறையைத் தொட.
நாற்பத்து நாலு மைல் வேகம். எண்ணை அவன்
பிள்ளைக்கு வைத்த பெயர் மாதிரி சொல்வான்.

கடைக்காரி கோரலி இரண்டைக் கடன் தந்தாள்.
"அலுமினியம் பாறையில் பட்டால் மடங்கும், கியர் பிழைக்கும்.
ஸ்டீல் மடங்காது,
பில்லை உள்ளே அனுப்பிவிடும்."
நம் ஏரியில் பாறைகளுக்குக் குறைவில்லை என்றேன்.
"மினசோட்டாவிலா!" என்று சிரித்தாள்.

பத்தொன்பது, மூன்று இதழ்:
பிள்ளைகளின் டியூபுக்குத் தாராளம்.
பதினேழு, நான்கு இதழ்:
சின்னச் சின்னதாய்க் கடிக்கும், ஆனால் விடாது,
வளைவிலும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே திரும்பும்.
ஆளில்லாமல் முழுசாய் முறுக்கினால்
ஊசி சிவப்பைத் தொட்டுவிடும்; காதை அங்கே வைக்கணும்.
வேகத்தில் ஆறு மைல் போய்விடும்.
போகட்டும்.

விடியற்காலை. லூன் பறவை ஒன்று கத்தி ஓய்ந்தது.
சாவியை எடுத்துப் பையில் போட்டேன்.
இதழுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கட்டை,
ஊசியை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி,
தண்டுக்குப் புது கிரீஸ்.
அலுமினியப் பதினேழைத் தள்ளி ஏற்றினேன்.
டுவைட் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஆர்லின் தண்ணீரில்.
"ஹிட் இட்!" என்று அவன் கத்தியதும்
படகு மூக்கைத் தூக்க மறந்து கிளம்பியது.
கயிற்றின் அந்தப் பக்கம்
முதலில் முழங்கால், பிறகு இடுப்பு,
பிறகு ஏரியின் மேல் ஓர் ஆள்.
வாய் திறந்தபடி, நூற்றுப் பன்னிரண்டும் மொத்தமாக.
கொடியை மடியில் மறந்து வைத்திருந்தேன்.

"இளைச்சிருக்கான்ல?" என்றான் டுவைட், திரும்பாமலே.
"ம்" என்றேன்.

சனிக்கிழமை லைல் எங்களைக் கடந்தான்.
கடந்து, தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.
டுவைட் துறையில் மோட்டாரைத் தூக்கினான்,
இதழ்களை எண்ணினான்,
ஈர எண்ணைக் கட்டைவிரலால் தடவினான்.
நான் ஐஸ் பெட்டியில் எதையோ தேடினேன்.
எதுவும் பேசாமல் மோட்டாரை இறக்கினான்.

ஞாயிறு ஆர்லின் எல்லாரிடமும் சொன்னான்,
பத்து நாள் பீரைத் தொடவில்லையாம்,
அதனால்தான் எழுந்தானாம்.
டுவைட் என்னை ஒரு பார்வை பார்த்தான்.
பிறகு தம்பியிடம் கயிற்றை நீட்டி,
"இன்னொரு சுத்து போவமா?" என்றான்.