பொன்னுக்கு வீங்கி

சாட்ஸ்வொர்த், மூன்றாம் மாடி லேப்.
எண்ணிக்கை: சுழி.
சீட்டைத் திருப்பிப் பார்க்கிறேன்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.

"வயசுல பொன்னுக்கு வீங்கி வந்ததா?"

பத்தொன்பதில். டொங்காட் கரும்பாலை வேலை.
அத்தையின் சங்கிலி என் கழுத்தில்;
பொன் பட்டால் வற்றுமாம்.
கன்னம் வற்றியது.
கீழே இறங்கிய வீக்கத்தை
யாருக்கும் காட்டவில்லை.
ஒரு வாரம் காலை அகட்டி நடந்தேன்.
பந்து பட்டது என்றேன்.

ஏழு தைப்பூசம்
நாக்கில் வேலோடு நடந்தவள் சாலாட்சி.
வளைகாப்புகளில்
அவளுக்கு மட்டும் அடுப்படி வேலை.
நான் வெளியே
ஆண்களோடு கறி வாட்டினேன்.

காரில் இருக்கிறாள்,
மடியில் பிரிக்காத பன்னி சௌ,
காகிதத்தில் எண்ணெய் ஊறுகிறது.
"என்னவாம்?"

பந்து பட்டது
என்று வாய் வரை வந்தது.
சீட்டை நீட்டினேன்.
அவள் கையைத்
துடைத்துக்கொண்டு வாங்கினாள்.