ஏற்றம்: ஒன்று

"எளிது" என்று போட்டிருந்தான் புகழேந்தி.
ஆறு கிலோமீட்டர். ஏற்றம்: ஒன்று.
குடிநீர் கொண்டு வரவும்.
வங்கிக்காரன் அல்லவா,
நடக்கக் கூப்பிடுவதும்
கடன் விண்ணப்பம் மாதிரிதான் இருக்கும்.

மணப்பாக்கம் பாலத்தருகே ஆறே காலுக்குச் சேர்ந்தோம்.
வருகிறேன் என்ற பதினொரு பேரில் நான்கு பேர்.
நசீமாவின் புதுக் காலணி
அடிக்கொரு புகார் சொல்லிக்கொண்டு வந்தது.
ஜெரால்டின் வெறுங்கையோடு வந்திருந்தாள்.
பரங்கிமலை அடிவாரத்தில் பிறந்தவளுக்கு
மலை ஏறுவதென்றால்
மாடியில் துணி காயப்போடப் போவது.

அடையாறு அன்றைக்கு நல்ல பிள்ளை.
ஆகாயத்தாமரையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி
எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையே
மறந்துவிட்டதுபோல் கிடந்தது.
நத்தைகுத்தி நாரை ஒன்று
மூடாத அலகோடு நின்றிருந்தது,
ஏதோ சொல்ல வந்து
வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி.

நாற்றம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் எருமைகள் முன்னால் போன தடத்தில்
மிதிபட்ட நாய்த்துளசி
இருபதடி தூரத்துக்கு அதை ஜெயித்தது.

கரை முழுக்கச் சமதளம்.
எனக்கு வேண்டியதும் அதுதான்.
முட்டி அறுவைக்குப் பின் ஏழாவது மாதம்.
"மேடு பள்ளமில்லாம நடங்க" என்றார் டாக்டர்.
சென்னையில் அதற்கா பஞ்சம் என்றேன்.
இந்த ஊரில்
உருட்டிவிட்ட கோலிகூட
எந்தப் பக்கம் போவதென்று நின்று யோசிக்கும்.

நந்தம்பாக்கத்துப் பக்கம் ஒரு கிடங்குச் சுவர்.
அதில் நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு.
மேலே, கோணல் எழுத்தில்:
தண்ணி இதுவரைக்கும்.
நசீமா சுவரோடு ஒட்டி நின்று
கையை உயர்த்திப் பார்த்தாள்.
எட்டவில்லை.
ஜெரால்டின் படம் எடுத்தாள்.
அப்புறம் கொஞ்ச தூரம்
காலணி மட்டும் பேசியது.

படிகளை எண்ணிக்கொண்டே ஏறினோம்.
எனக்கு நூற்று முப்பத்தொன்று.
நசீமாவுக்கு நூற்று முப்பத்தாறு.
"ரெண்டுமே தப்பு" என்றாள் ஜெரால்டின்,
சரி எதுவென்று சொல்லாமல்
என் தண்ணீரைக் குடித்தபடி.

உச்சியில் காற்று.
ஒரு விமானம்
எங்கள் கண்மட்டத்துக்குக் கீழே
சாவகாசமாக இறங்கிப் போனது.

அப்போதுதான் பார்த்தேன்.
பள்ளத்தாக்கு என்றால்
பள்ளிப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் மலை வரைந்திருப்பார்கள்.
இங்கே மலை ஒன்றுதான், அதுவும் சின்னது.
ஆனால் தெருக்கள், மதில்கள், கோபுர விளக்குகள்,
அடுக்குமாடிகளின் வரிசை எல்லாம்
வெளியே தெரியாத ஒரு சாய்வில்
அந்தப் பச்சைக் கோட்டை நோக்கிக்
குனிந்திருந்தன.
இலையில் ஊற்றிய ரசம் எந்த ஓரம் ஓடும் என்பது
சாப்பிடுகிறவனுக்குத் தெரியாது.
ரசத்துக்குத் தெரியும்.

என் குடியிருப்பைத் தேடினேன்.
மொட்டைமாடியில் மூன்று கறுப்புத் தொட்டி, ஒரு வெள்ளை.
நான் நினைத்த இடத்தில் இல்லை.
இன்னும் கீழே.
இன்னும் கொஞ்சம் கீழே.

"நல்ல ஏரியாங்க" என்று சொல்லி
அன்று கையெழுத்துப் போட்ட புகழேந்தி
ஓடுபாதையையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.
இன்னும் நூற்று அறுபத்திரண்டு தவணை இருக்கிறது,
நாங்கள் பேசிக்கொள்ள.

இறக்கத்தைப் பற்றி அவன் எழுதவே இல்லை.
முட்டிக்கு ஏற்றத்தைவிட அதுதான் வலி.
கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில்,
நண்டு மாதிரி வந்தேன்.

அடிவாரத்தில் நசீமா காலணியைக் கழற்றினாள்.
குதிகாலில் கொப்புளம், உடைந்திருந்தது.
பாட்டிலில் மிச்சமிருந்ததை அதன்மேல் ஊற்றினாள்.
தட்டையான தார்ச்சாலை.
தண்ணீர் எங்கே போகிறது என்று
நான்கு பேரும்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது யோசிக்கவே இல்லை.