மூன்றாம் மாடிப் பார்சல்

மேல்வீட்டு பிரிங்க்மானின் பார்சல்
பதினொரு நாளாக என் சப்பாத்து அலுமாரிமேல் இருக்கிறது.
கொண்டுவந்த பெடியன் அவசரத்தில் நின்றான்.
நானும் அவசரத்தில் கையெழுத்து வைத்தேன்.
ஒரு கையெழுத்துக்குள்
இவ்வளவு பொறுப்பு இருக்குமென்று யாரும் சொல்லவில்லை.

வூப்பர்டாலில் மழை.
ஆற்றின்மேல் தொங்கு ரயில் போகும்போது
உள்ளே இருப்பவர்கள் என் வீட்டுக்குள்
ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
அவர்களுக்கும் தெரிந்திருக்கும்
அந்தப் பெட்டி இன்னும் இங்கேதான் என்று.

போய்த் தட்டினால்
உன் சாமானை எடுத்துக்கொண்டு போ என்பதுபோல.
தட்டாவிட்டால்
களவாக வைத்திருப்பதுபோல.
படியில் கண்டால் ஹலோ என்கிறார்.
ஹலோ என்கிறேன்.

இரவு மூவருக்கும் எழுதினேன்.
ஏழு வருடத்துக்கு முன்
பிள்ளையின் பழைய தள்ளுவண்டியை விற்கப்போய்
ஒட்டிக்கொண்ட சிநேகம்.
வண்டி இன்னும் நிலவறையில்.
ஆளையாள் நேரில் கண்டதில்லை.
பிலோமினாவின் இருமல் எனக்குத் தெரியும்,
அவ நெட்டையா கட்டையா என்று தெரியாது.

"தட்டனப்பா! சம்பந்தமா பேசப் போறாய்?"
சட்டனிலிருந்து பிலோமினா.

"ஒருக்கால் குலுக்கிப் பார், என்ன சத்தம்?"
துலூஸிலிருந்து லோஜினி.
குலுக்கினேன்.
அரிசி மாதிரி. இல்லை, பொத்தான் மாதிரி.

ஓல்ட்டன் திருக்குமரன் குரலிலேயே வந்தார், மூன்று நிமிடம்:
"இஞ்சையெண்டால் முதல்ல துண்டு எழுதிப் போடவேணும்.
இரவு பத்துக்குப் பிறகு தட்டக்கூடாது,
மத்தியானம் பன்னிரண்டிலயிருந்து ஒண்டரை மட்டும் தட்டக்கூடாது,
ஞாயிறு தட்டவே கூடாது..."

மிச்சத்தில் எப்போது தட்டலாமென்று
நான் கணக்குப் போட்டு முடிக்கவில்லை,
லோஜினி தன் முடிச்சை அவிழ்த்தாள்.
நாலு வருடமாக முதலாளி அவளை
லோரின் என்று கூப்பிடுகிறார்.
முதல்நாளே சொல்லியிருக்கவேண்டும்.
இப்போது சொன்னால்
நாலு வருடத்துக்கும் சேர்த்து
அந்த மனுசன் வெட்கப்படவேண்டும்.
போன கிழமை பிறந்தநாள்.
சம்பளத்துண்டில் லோஜினி. கேக்கில் லோரின்.

"நீ லோரினாவே இரன்" என்றா பிலோமினா.
"இஞ்சை வாற பூனைக்கும் ரெண்டு பேர்.
எனக்கு வெள்ளையன். சொந்தக்காரிக்கு நைஜல்.
அவ அதுக்கு டயற்றாம்.
நான் சூடைமீன் போடுறன்.
சொல்லுறதோ விடுறதோ?"

ஒருவரும் பதில் எழுதவில்லை.
அந்தப் பூனையில்
எல்லாருக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

மறுநாள், செவ்வாய், மாலை ஆறு பத்து.
சுவிஸ் சட்டத்துக்கும் உட்பட்ட நேரம்.
ஏறினேன். தட்டினேன்.
கதவைத் திறந்தவர் முகத்தில்
பிடிபட்டவனின் சிரிப்பு.
ஒரு நிமிடம் என்று உள்ளே போய்
இரு கையாலும் தூக்கிவந்தார்
என் பெயர் ஒட்டிய பெரிய பெட்டியை.

இடியப்ப உரலும் தட்டுகளும்.
மூன்று கிழமையாக அவருடைய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில்.
தட்டினால் தொந்தரவென்று நினைத்தாராம்.
தகவல் துண்டு போட்டார்களாம்,
அது என் பெட்டியில்
பீட்சா விளம்பரங்களோடு போயிருக்கும்.

தன்னுடையதை வாங்கிக்
காதருகே வைத்து
அவரும் ஒருக்கால் குலுக்கிப் பார்த்தார்.
என்னவென்று சொல்லவில்லை.

பெட்டியைக் கட்டிப்பிடித்து இறங்கினேன்.
பாதிப் படியில்தான் ஞாபகம் வந்தது.
வந்துசேரவே இல்லையென்று சண்டை பிடித்து
போன திங்கள் காசைத் திருப்பி வாங்கிவிட்டேன்.
முப்பத்துநாலு ஐரோ, தொண்ணூறு சதம்.

இப்போது இந்தப் பெட்டி
சப்பாத்து அலுமாரிமேல். அதே இடம்.

மூவருக்கும் எழுதியாயிற்று.
பிலோமினா எழுதுகிறா, அழிக்கிறா, எழுதுகிறா.
திருக்குமரன் குரல் பதிகிறார்,
ஐந்து நிமிடத்துக்குக் குறையாது.
லோஜினி மட்டும் உடனே கேட்டாள்:

"பிழிஞ்சு பாத்தியா?"