பேரேடு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கொட்டகைக்குள் மைனஸ் நான்கு;
அதை நாங்கள் சூடு என்கிறோம்.
சஸ்காட்செவனில் சொற்களுக்கும் குளிர் உண்டு.
செவ்வாய்க்கிழமை தோறும் ஒன்பது பேர்
இரும்புக் குழாய் எலும்புக்கூட்டைச் சுற்றி
காப்பிக் கோப்பையில் விரல் காய்ச்சிக்கொண்டு.

பேரேடு என் பொறுப்பு.
கழற்றும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, ஓர் எண்,
கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி:
அசலா, பின்னால் சேர்ந்ததா?
இதுவரை நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
"லவோன், இதை எழுதிக்கொள்" என்று
யாராவது ஒரு வாஷரை நீட்டாத நாளில்லை.

இந்த விமானம் எந்த ஊர்மீதும் குண்டு போட்டதில்லை.
பத்தொன்பது வயதுப் பையன்களை ஏற்றிக்கொண்டு
இந்தக் கோதுமைவெளிக்கு மேல் வட்டமடித்து
வடக்கு எது என்று காட்டியது.
அவ்வளவுதான் அதன் போர்.

முடிந்ததும் ஐம்பது டாலருக்கு
ஓட்டிப் போனார் கொர்னேலியஸ் பெனர்,
டிராக்டரில் கட்டி, சாலை வழியாக.
டாங்கில் மிஞ்சிய பெட்ரோலே அந்த விலை பெறுமாம்.
இறக்கை வேலிக்கு.
தகரம் பன்றித் தொட்டிக்கு.
உடம்புக்குள் கோழிகள்.
இருபத்திரண்டு வருஷம்
விமானியின் இருக்கையில் ஒரு சிவப்புச் சேவல்
பதவி வகித்ததாகக் கேள்வி.

சக்கரங்கள் மட்டும் அகப்படவில்லை.
மூன்றாம் கோடையில் ஓரெஸ்ட் ஹ்ரின்சுக் கண்டுபிடித்தார்:
பெனரின் பேரனுடைய பார்லி வண்டிக்கு அடியில்
அவை இன்னும் உருண்டுகொண்டிருந்தன.
வெர்ன் பெனர் தொப்பியைத் தொடாமல் கேட்டார்:
"உங்கள் பொம்மை நிற்கவா, என் அறுவடை நிற்கவா?"
பேரம் இரண்டு வருஷம்.
புது டயர் நான்கு, ஒரு வெல்டிங் மெஷின்,
புகையில் வாட்டிய பன்றித் தொடை ஒன்று.
கொடுத்தவர் அடுத்த செவ்வாயே வந்துவிட்டார்,
ஒழுங்காக மாட்டுகிறோமா என்று பார்க்க.
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புது இறக்கைக்குத் துணி தைக்கிறாள் யுவெட் கார்னோ,
முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
முழங்கை நீள ஊசி
அவள் பக்கம் நுழைந்து வெர்ன் பக்கம் வரும்;
வெர்ன் திருப்பிக் குத்துவார்.
இருவருக்கும் தேர்தலில் ஆகாது.
நடுவில் இறக்கை இருப்பதால்
முகம் பார்க்க வேண்டியதில்லை.
தையல் நேராக விழுகிறது.

ஏறிய பின் சக்கரங்களை உள்ளிழுக்கக்
கையால் சுற்ற வேண்டும்,
நூற்று நாற்பது சொச்சம் சுற்று.
பயிற்சிப் பையனின் வேலை அது.
அந்தக் கைப்பிடியருகே, எச்சம் சுரண்டியபோது,
ஆணியால் கீறிய கோடுகள்.
ஐந்தைந்தாய்க் கட்டி, ஆறு கட்டு;
தனியே இரண்டு.
பிறகு வெறும் குழாய்.

தேறிப் போனானா,
வேறு விமானம் மாறினானா,
ஊர் இடுகாட்டில் ஒரே உயரத்தில் நிற்கும்
வெள்ளைக் கற்களில் ஒன்றானானா,
சலித்துப்போய் எண்ணுவதை விட்டானா—
பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

ஓரெஸ்ட் பச்சைப் பெயிண்டோடு வந்தார்.
கோடுகள் வரை அடித்தார்.
தாண்டி, அந்தப் பக்கம் அடித்தார்.
யாரும் கூட்டம் போடவில்லை.

மார்ச் கடைசியில் இடது எஞ்சினை முடுக்கினோம்.
பறக்கப் போவதில்லை;
காப்பீட்டுக்காரர் ஒப்பமாட்டார்,
எங்கள் முழங்கால்களும்.
தும்மியது. கறுத்துப் புகைந்தது.
பிறகு பிடித்துக்கொண்டது.
அலமாரி ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று பேசின,
மேற்கூரைப் பனி பொத்தென்று வழுக்கி விழுந்தது.
பதினோரு நொடி.
ஒன்பது வருஷத்தைப் பதினொன்றால் வகுத்து
வெர்ன் உரக்கச் சொன்னார்.
அடைத்த காதுகளில் விழவில்லை.

அப்போது, மூன்று முறை நாங்கள் கழுவிய வால்பகுதியின்
ஏதோ ஒரு மடிப்பிலிருந்து
அழுக்கு வெள்ளையாய் ஓர் இறகு
கிளம்பி, விளக்குவரை போய்,
வட்டமடித்து,
யுவெட்டின் தொப்பிமேல் இறங்கியது.

எடுத்து நீட்டினாள்:
"லவோன், இதை எழுதிக்கொள்."

எண் போட்டுவிட்டேன்.
கடைசிப் பத்தியில் மை உறைந்துபோக,
பேனாமுனையை வாயருகே வைத்து
ஊதிக்கொண்டே இருக்கிறேன்.