மண் கழிவு

ஏரிக்குப் போகும் சாலையில் எல்லோரும் ஏரிக்குப் போனார்கள்.
ஜூலைச் சனிக்கிழமை. முன்னால் நின்ற காரின் கூரையில்
காற்றடைத்த ரப்பர் அன்னம் ஒன்று
கழுத்து மடங்கி எங்களையே பார்த்தது.
நாற்பது நிமிடத்தில் இரண்டு கிலோமீட்டர்.
ஆகோஷ் சட்டென்று வலப்பக்கம் திருப்பினான்.
என்னைக் கேட்கவில்லை. எதையுமே அவன் கேட்பதில்லை,
நானும் இரண்டு வருடமாக அவனிடம் எதையும் சொல்வதில்லை.
இது அவன் மனைவி லெங்கெயின் ஏற்பாடு:
அண்ணனும் தங்கையும் ஒரு நாள் ஒரே காரில்.
அவள் வரவில்லை, ரொட்டியை மட்டும் அனுப்பியிருந்தாள்.
பின்சீட்டில், சீட்பெல்ட் போட்டுக்கொண்டு,
விற்ற வீடு உட்கார்ந்திருந்தது.

சூரியகாந்தி, சூரியகாந்தி, ஒரு கிணறு, சூரியகாந்தி.
ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள்
ஊர் முடிந்துவிட்டது.
கடைசியில் கையால் எழுதிய பலகை:
*எடை பார்க்கப்படும். ஆட்கள் உட்பட.*

சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் மிச்சம்,
உச்சியில் நாரைக்கூடு.
கீழே, ஒரு லாரி நிற்கும் அளவுக்கு இரும்புத் தளம்.
பக்கத்துச் சிற்றறையில் வில்மோஷ்,
சட்டைப் பையில் நான்கு பேனா.
ஆலை மூடிப் பதினெட்டு வருடமாம்.
தராசு என்னவோ சரியாகத்தானே இருக்கிறது என்று
அவர் தினமும் வருகிறார்,
ஞாயிறு தவிர, மதியம் ஒன்று முதல் இரண்டு தவிர.

சுவர் முழுக்க எடைச் சீட்டுகள்:
பித்தளை வாத்தியக் குழு, வாத்தியங்களோடு, தொள்ளாயிரத்து அறுபது.
ஒரு கல்யாணம், பாதிரியார் நீங்கலாக, இரண்டாயிரத்து நூறு.
தபால்காரி, நாய், அன்றைய தபால்.

முந்நூறு ஃபோரிண்ட் கொடுத்து ஆகோஷ் ஏறினான்.
முள் அசையவில்லை.
"தனி ஆள் என்றால் இதற்குக் காது கேட்காது,
நூறு கிலோவாவது வேண்டும். நீங்களும் ஏறுங்கள்."

இரும்பு கொதித்தது.
நடுவில் நிற்கச் சொன்னார். நடுவில் என்றால் நட்ட நடுவில்,
ஓரத்தில் நின்றால் தராசு பொய் சொல்லுமாம்.
அவன் செருப்பு என் செருப்பை இடித்தது.
மூச்சை இழுத்துப் பிடித்தேன், எடை குறையும் என்பதுபோல.
திரும்பிப் பார்த்தால்
அவனும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நூற்று அறுபது. இருபது கூடலாம், குறையலாம்."
பிறகு எங்கள் கால்களை எட்டிப் பார்த்து
மண்ணுக்கென்று மூன்று சதவீதம் கழித்தார்.
பீட்ரூட் வண்டிகளுக்கெல்லாம் கழித்ததுதான்,
மண்ணுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

"உரிமையாளர்?" பேனாவைத் தூக்கினார்.
இதே கேள்வி, இதே மாதிரிக் கட்டம், வக்கீல் அறையில்.
அன்று நான் கதவை அறைந்துவிட்டு வெளியேறினேன்.
இங்கே கதவே இல்லை.
"ரெண்டு பேர் பேரும் போடுங்க" என்றான் ஆகோஷ்.
இடம் போதவில்லை. என் பெயர் கோட்டைத் தாண்டி
'சரக்கு' என்ற கட்டத்தில் போய் முடிந்தது.

சீட்டு ஒன்றுதான். நகல் அலுவலகத்துக்காம்.
எந்த அலுவலகம் என்று நாங்கள் கேட்கவில்லை.

சீட்டு யாருக்கு என்று காரில் சண்டை.
இரண்டு வருடத்தில் முதல் சண்டை,
ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு,
தொண்டை கிழிய, ரொட்டியை மென்றபடி.
ஏரி எந்தத் திசையில் இருந்ததோ.
பெட்ரோல் பங்கில் சில்லறை கேட்டான், கொடுத்தேன்.
கணக்கில் எழுதிக்கொண்டேன்.