முதுகு தரிசனம்

“இருபத்தஞ்சு நிமிசம்தான். பதினொன்றரைக்கு நடை சாத்திருவாங்க.
அப்புறம் படகுக்கு வேற நிக்கணும்.”
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார் இருதயராஜ்.
சுசீந்திரம் தெப்பக்குளத்தோரம்
எங்களதையும் சேர்த்துப் பதினேழு பேருந்துகள்.
எல்லாவற்றிலிருந்தும் மஞ்சள் தொப்பி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.
கழற்றினோம்.
ஊரில் யார் அரிசி ஆலை, யார் அங்கே கணக்கு எழுதுகிறவன் என்பதெல்லாம்
சுருண்டு அக்குளுக்குள் போயிற்று.
பூணூல் இருந்தவர்கள் மட்டும்
கொஞ்சம் கூடுதலாக உடுத்தியிருந்தார்கள்.

எனக்கு முன்னால் ஒரு முதுகு.
இடது தோளுக்குக் கீழே உளுந்தளவு மச்சம்,
வெயில் படாமல் பனியன் காப்பாற்றிய வெளுப்பு.
நம் பஸ் ஆள்தான் என்று
அதைப் பிடித்துக்கொண்டேன்.

நகர்ந்தால் நகர்ந்தேன்.
நின்றால் அதன் வியர்வை என் மூக்கில்.
வலப்பக்கம் தூண் பாடும் என்றார் யாரோ.
இப்போது கம்பி போட்டுவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.
அதற்குள் தூண் பின்னால் போய்விட்டது.
மூன்று பேர் ஒரே லிங்கத்தில், சரி,
ஆனால் முதுகு அகலம்.
அது குனிந்தால் எனக்குச் சாமி.
குனியவில்லை.
“நகருங்க நகருங்க நகருங்க”
காதோரமாய்ப் பாதிச் சுடர் தெரிந்தது.
அந்தப் பாதி மூவரில் யாருடைய பங்கோ.

ஆஞ்சநேயர் பதினெட்டடி, அதனால் தப்பித்தார்:
முதுகுக்கு மேலே வெண்ணெய் பூசிய மார்பும்
எங்களையெல்லாம் தாண்டி எதையோ பார்க்கும் கண்ணும்.

வெளியே வெயில். ஓடினோம்.
முதுகு ஏறிய பேருந்தில் நானும் ஏறினேன்.
மாரக்காள் முன்பக்கம் பெண்களோடு இருப்பாள்,
என் செல்போன் அவள் கைப்பையில்.
“முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு.
சரியா இருக்கு. போலாம் ரைட்.”

ஓட்டுநர் தலைக்கு மேல் வேளாங்கண்ணி மாதா.
எங்கள் பேருந்தில் பழனி முருகனல்லவா?
காலடியில் யாருடைய ஒயர்கூடை?
கூடைக்குள் கைவிட்டு, ஒரு தட்டுவடையைக் கடித்த பிறகுதான்
இந்தக் கேள்விகள் வந்தன.
அப்போது முதுகு திரும்பியது:
அந்த முதுகுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு முகம்.
“நீங்க யாருங்க?” என்றது.

கொட்டாரம் தாண்டியிருந்தோம்.
திருப்ப முடியாது என்றார் ஓட்டுநர்.
என் இருக்கைக்காரர் அர்த்தநாரி, திருச்செங்கோடு, தறிக்காரர்.
அவரைக் கோயிலில் விட்டுவிட்டு
என்னை வைத்துக் கணக்கை நேராக்கியிருந்தார்கள்.

கன்னியாகுமரி படகுத்துறை நிறுத்தத்தில்
இருதயராஜைப் பார்த்தேன். அவர் என்னைத் தேடவே இல்லை.
“எங்க எண்ணிக்கையும் சரியாத்தான சார் இருந்தது!”
என் இருக்கையின் தலைமாட்டில்
நான் மாட்டிவிட்டுப் போன தொப்பி.
அதை ஓர் ஆளாக எண்ணியிருக்கிறார்.
பதினோரு கிலோமீட்டர் அது எனக்காகப் பயணித்திருக்கிறது,
யாரையும் தொந்தரவு செய்யாமல்.

முக்கால் மணி கழித்து ஆட்டோவில் வந்தார் அர்த்தநாரி,
சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்டு.
“கம்பிக்குள்ள ஒரு விரல் போவுதுங்க.
காவக்காரர் அந்தாண்ட திரும்புனதும் தூணை நகத்தால ஒரு தட்டு.”
“சத்தம் வந்துதா?”
“வருமான்னுதாங்க நின்னுட்டே இருந்தேன்.”
தட்டுவடையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
இரண்டு தின்றிருந்தேன்.

படகு வரிசை சந்து திரும்பி, கடைகளைச் சுற்றி,
கடலுக்கு முதுகு காட்டி நின்றது.
“சாமியை நல்லாப் பாத்தீங்களா?” என்றாள் மாரக்காள்.
உளுந்தளவு என்று விரலில் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
“எனக்கு ஒரு கொண்டை” என்றாள்.
“வாடுன கனகாம்பரம். ரெண்டு ஊக்கு.
ஒண்ணு கழண்டு தொங்குச்சு,
கடைசி வரைக்கும் அதைக் குத்திவிடலாமா வேண்டாமான்னே
இருந்துட்டேன்.”